மன்றோ தீவு போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? குண்டரால இறங்கணுமா, கொல்லத்துலயா?

இலஞ்சிக்காரன்:

வணக்கம் மக்களே, நமக்கு தென்காசிப் பக்கம். கேரளா டூர்னாலே வீட்டுல ஆலப்புழை இல்லன்னா மூணாறுன்னு ஒரே பாட்டு, ரெண்டுலயும் இப்ப நிக்க எடம் இல்ல. ஆபீஸ்ல ஒரு பையன் சொன்னான், கொல்லத்துக்குப் பக்கத்துல மன்றோ தீவுன்னு ஒண்ணு இருக்கு, கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயல்ல போயி விழுற எடத்துல, ஊரு பூரா தெரு மாதிரி வாய்க்காலு, சின்ன வள்ளத்துல ஒருத்தரு கழிய ஊனித் தள்ளிக்கிட்டே போவாரு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் கெடையாதுன்னான். அந்த 'வேற ஒண்ணும் கெடையாது'தான் எனக்குப் புடிச்சுப் போச்சு.

போறது நானு, வீட்டுக்காரி, மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, அப்பா, அம்மா. அம்மாவுக்கு முட்டுவலி, கீழ உக்காந்தா எந்திரிக்க ஆளு வேணும். அப்பாதான் பிரச்சன. அவரு மீட்டர்கேஜ் காலத்துல எங்க கடைக்குக் கயிறு எடுக்க மாசத்துக்கு ரெண்டு தடவ கொல்லம் போயிட்டு வந்த ஆளு. அவர்ட்ட சொன்னா "அங்க தண்ணியும் தென்னமரமும் தவிர என்னல இருக்கு, அதப் பாக்க காசு குடுத்துப் போவியாக்கும்"ங்காரு.

எங்க இறங்கணும், ஒரு நாள் போதுமா தங்கணுமா, அம்மாவ வள்ளத்துல ஏத்த முடியுமா, சுத்துப்பட்டுல வேற என்ன பாக்கலாம், சொல்லுங்க. யூடியூப் லிங்க் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, அதுல பூரா ட்ரோன்தான் பறக்குது, எந்த ஸ்டேஷன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

---

புனலூர்_பாசஞ்சர்:

அண்ணாச்சி, கொல்லம் வரைக்கும் போக வேண்டாம். குண்டரா நம்ம செங்கோட்ட லைன்லயே இருக்கு, கொட்டாரக்கரை தாண்டி கொல்லத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்கேர்ந்து ஆட்டோ புடிச்சா சிற்றுமலை வழியா இடியக்கடவு பாலத்துல ஏறி தீவுக்குள்ள எறங்கிடலாம், ஒரு பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் வரும். மன்றோத்துருத்துன்னு தனியா ஸ்டேஷனே இருக்கு, ஆனா அது கொல்லம் காயங்குளம் லைன்ல, பாசஞ்சர் வண்டியத்தான் நம்பணும், அம்மாவ வச்சுக்கிட்டு கொல்லத்துல இறங்கி பிளாட்பாரம் மாறி ஏறுறது ரோதன.

வண்டி விசயத்துல ஒண்ணே ஒண்ணு, பகல் வண்டில போங்க. மதுர குருவாயூர் வண்டி மதியத்துக்கு மேல தென்காசி வருது, அதுல ஏறுனா மலை பூரா வெளிச்சத்துலயே தாண்டிரலாம். பாலருவி எக்ஸ்பிரஸ்ல போனா ராத்திரி தூங்கிட்டுப் போயி இருட்டுல எறங்கணும், பதிமூணு கண்ணறப் பாலம் எங்க வந்துச்சுன்னே தெரியாது. அப்பாவுக்கு அந்தப் பாலத்தக் காட்டுங்க, அவரு காலத்து லைன் 1904ல போட்டது, அகலப்பாதையாக்கி முழுசா தெறந்தது 2018லதான், எடையில ஏழு வருசத்துக்கு மேல மலைல வண்டியே கெடையாதே.

அப்புறம், தென்மலை தாண்டுனதும் ஒரு ஆறு கூடவே வரும் பாருங்க. புனலூர்ல 1877ல கட்டி முடிச்ச தொங்குபாலம் இருக்குல்ல, அதுக்கு அடில ஓடுறதும் அதான். அதான் கல்லடா. நீங்க போற தீவ மண்ணக் கொண்டாந்து கொட்டி உண்டாக்குனதே அந்த ஆறுதான், அதனால உங்க டூர் செங்கோட்டைல ஏறும்போதே ஆரம்பிச்சுருதுன்னு வச்சுக்குங்க.

குத்தாலத்துல சாரல் அடிக்கிற மாசம் மட்டும் வேண்டாம். நமக்கு சாரல்னா அவங்களுக்கு அடமழ.

---

மாடிவீட்டு_மயிலை:

நான் போய் ஏமாந்த கதைய சொல்றேன், நீங்களாச்சும் உஷாரா இருங்க. போன வருஷம் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சென்னைலேர்ந்து கிளம்பினோம், ஆன்லைன்ல ஒரு ஏஜென்ட் கிட்ட சன்செட் பேக்கேஜ்னு மொத்த பணத்தையும் முன்னாடியே கட்டிட்டோம், அங்க போய் பாத்தா பெரிய இன்ஜின் போட்ல ஏத்தி, காயல்ல ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டு இதான் சார் மன்றோன்னாங்க, ஏங்க அந்த குட்டி கால்வாய் எங்கன்னா அதுக்குள்ள இந்த போட் போகாது சார்ங்கறாங்க, அப்ப சின்ன வள்ளம் குடுங்கன்னு சண்டை போட்டு வாங்கினா அதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, முதல் பாலத்துக்கிட்டயே முட்டிக்கிச்சு. நிஜமாவே முட்டிக்கிச்சு. அங்க தோட்டுக்கு, அதான் அந்த குட்டி கால்வாய்க்கு, மேல இருக்குற நடபாலம் எல்லாம் அவ்ளோ தாழ்வா இருக்கும், நார்மலா போறப்பவே வள்ளத்துல மல்லாக்கப் படுத்துக்கணும், மூக்குக்கு ஒரு ஜாண் மேல கான்கிரீட் போகும், அதுல ஒட்டியிருக்குற சிலந்தி கூட கண்ணுக்கு நேரா தெரியும். தண்ணி ஒரு முழம் ஏறிடுச்சுன்னா படுத்தாலும் போக முடியாது.

அந்தக் காயல் நீண்டகரைல கடலோட சேருதுங்க. கடல் ஏறினா தோடு ஏறும், கடல் இறங்கினா தோடு இறங்கும். எனக்கு அங்க போற வரைக்கும் இது தெரியாது, ஆறுன்னா ஒரே பக்கமா ஓடும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதனால வள்ளக்காரர் கிட்ட எத்தனை மணிக்கு வரலாம்னு அவரை விட்டே சொல்லச் சொல்லுங்க. நீங்களா டைம் முடிவு பண்ணாதீங்க. ரேட்டு ஆளுக்கா வள்ளத்துக்கான்னும் ஏறுறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, நாங்க அதுலயும் சண்டை போட்டோம்.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஒரு பெரியவர் கூட்டிட்டுப் போனார். அது வேற லெவல். அதுக்காகத்தான் திரும்பவும் போகணும்னு இருக்கேன்.

---

நாரோயில்_மக்கா:

மக்கா எனக்கு ஒண்ணு மனசுலாவல, இன்னுமா இத யாருக்கும் தெரியாத எடம்ங்கீங்க? லீவு நாளுல போயி பாருங்க, தோட்டுக்குள்ள வள்ளம் ட்ராஃபிக் ஜாம். கண்டல் மரம் வளஞ்சு நிக்க எடத்துல ஒவ்வொரு ஜோடியும் பத்து நிமிசம் போட்டோ எடுக்கும், பொறவு உள்ளவன் வெயில்ல காயணும். சவத்த விடுங்க, எங்கூருக்கு வாங்க, மணக்குடி காயல் இருக்கு, ஒரு ஈ காக்கா கெடையாது.

சாப்பாடு மட்டும் கொள்ளாம். கரிமீனு எல்லாரும் சொல்லுவாவ, அத விட்டுத்தள்ளுங்க, கக்கா எறைச்சி, அதான் மட்டி, கேட்டு வாங்கித் தின்னுங்க, தேங்காய்க்கொத்து போட்டு வறுத்துத் தருவாவ. அந்தக் காயலு கக்காவுக்கு 2014ல வெளிநாட்டு சர்டிஃபிகேட்டே கெடச்சுது, கண்டபடி வாராம மீன்வளத்தக் காப்பாத்திப் புடிக்காங்கன்னு, இந்தியாவுலயே அது மொதல்லயாக்கும்.

---

கொல்லம்_தமிழ்:

நான் பொறந்து வளந்தது கொல்லத்துல, வீட்டுல பேசுறது தமிழ். என் கூடப் படிச்ச பையன் வீடு மன்றோவுல இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்லணும், அவங்க இப்ப குண்டராவுக்கு மாறிட்டாங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல பேரு. மன்றோங்கறது 1810லேர்ந்து 1819 வரை திருவிதாங்கூர்ல வெள்ளைக்காரங்க பிரதிநிதியா, ரெசிடெண்டுன்னு சொல்லுவாங்க, இருந்த கர்னல் ஜான் மன்றோ. நம்ம மெட்ராஸ் சிலையில குதிர மேல உக்காந்திருக்காரே தாமஸ் மன்றோ, அவரு இல்ல, நெறைய பேரு குழப்பிக்குவாங்க. ஆத்துக்கும் காயலுக்கும் நடுவுல கால்வா வெட்டி இத ஒழுங்கு பண்ணது இவரு காலத்துல, அப்புறம் கோட்டயம் மிஷன்காரங்க கைக்குப் போயி, சேது லட்சுமி பாய் ரீஜண்டா இருந்தப்ப திரும்பவும் சர்க்காருக்கு வந்துருச்சு. 'துருத்து'ங்கறது நம்ம பழைய வார்த்ததான். ஆத்துக்கு நடுவுல இருக்குற திட்ட நம்மாளுங்க துருத்தின்னாங்க. திருப்பூந்துருத்தின்னு திருவையாத்துப் பக்கம் ஊரே இருக்கு, மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்கு தேவாரத்துல திருத்துருத்தின்னுதான் பேரு. தென்காசிக்காரருக்குக் குத்தாலம்னா அருவிதான் ஞாபகம் வரும், இது அது இல்ல.

இப்ப முக்கியமான விசயம். அந்தத் தீவு தாழ்ந்துகிட்டு இருக்கு. நான் மிகைப்படுத்தல. கல்லடா ஆறு மலையிலேர்ந்து வண்டல் கொண்டாந்து போட்டுத்தான் அந்தத் திட்டே நின்னுச்சு, வருசா வருசம் வெள்ளம் வரும், வெள்ளம் வத்துனா சேறு நிக்கும், அத வாரி தென்னைக்கு அணைப்பாங்க, வீட்டு முத்தத்துல போடுவாங்க. 1986ல தென்மலையில டேம் வந்ததுக்கப்புறம் அந்த மண்ணு அங்கயே நின்னுருச்சு. பத்தாததுக்கு 2004 சுனாமிக்கு அப்புறம் கடல்தண்ணி ஏத்தம் ரொம்பவே கூடிப்போச்சுங்கறது ஊர்க்காரங்க எல்லாரும் சொல்றது. ரயில் போற அதிர்ச்சியும் ஒரு காரணம்னு சொல்றவங்க உண்டு, கடல் மட்டம் உசருதுங்கறவங்களும் உண்டு, இதுல யாரு சொல்றது சரின்னு இன்னும் சண்டை ஓயல.

என் கூட்டாளி வீட்டுல முன்வாசப் படி அஞ்சு. நாங்க காலேஜ் படிக்கையில மூணு. கடைசியா நான் போனப்ப ரெண்டுதான் மேல இருந்துச்சு. சொவத்துல முழங்கா ஒசரத்துக்கு உப்பு பூத்து, தொட்டா மாவு மாதிரி உதிரும். மலையாளத்துல வேலியேற்றம்பாங்க, விருச்சிக மாசம், அதாவது நம்ம கார்த்திகைல ஆரம்பிச்சு மாசி வரைக்கும்கூட, அமாவாச பௌர்ணமிய ஒட்டி உப்புத்தண்ணி வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போகும். மழையே இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், அடுக்களைல தண்ணி நிக்கும். அவங்கம்மா அரிசிப் பானைய கட்டில் மேல ஏத்தி வச்சிருந்தாங்க, அதுக்குன்னே ஒரு பழைய கட்டிலு. டாய்லெட் கத சொல்லவே வேண்டாம், புரிஞ்சுக்குங்க. தென்னமரம் தலை காஞ்சு நிக்கும், பக்கத்துல பாத்தா தெரியும், தூரத்துலேர்ந்து போட்டோவுக்கு அழகாத்தான் இருக்கும்.

போக வேண்டாம்னு சொல்லல, போங்க. அங்க இப்ப டூரிசத்துலதான் நெறைய வீடு ஓடுது. ஆனா ஊர்க்காரர் வள்ளத்துல போங்க, ஊர்க்காரர் வீட்டுலயே தங்குங்க.

கொல்லத்துப் பக்கத்துலேர்ந்து ரயில்ல வந்தா பெரிநாடு ஸ்டேஷனுக்கும் மன்றோத்துருத்து ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு நீளமான பாலம் வரும், பெருமண் பாலம். 1988 ஜூலை 8ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அந்த எடத்துலதான் காயல்ல விழுந்துச்சு, 105 பேரு. சுழல்காத்துன்னு ரிப்போர்ட் குடுத்தாங்க, இங்க ஒருத்தரும் நம்பல, இன்னைக்கும் நம்பல. கரைல நினைவுத்தூண் இருக்கு.

---

மாடிவீட்டு_மயிலை:

@கொல்லம்_தமிழ் நான் போனப்ப இது எதுவுமே யாரும் சொல்லலைங்க. ஒரு வீட்டு வாசல்ல தண்ணி தளும்பி நின்னுச்சு, நாங்க வாவ் வாட்டர்ஃப்ரண்ட்னு போட்டோ எடுத்தோம். இப்ப நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

---

இலஞ்சிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கொல்லம்_தமிழ் எழுதுனத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், தென்மலை டேம்னதும் நிமிந்து உக்காந்தாரு. "நாம டேம் பாக்கப் போயி போட்ல சுத்திட்டு வந்தோமே, அந்தத் தண்ணியா"ன்னாரு. வரேன்னுட்டாரு!

அம்மா மேட்டர்தான் பாக்கி. வள்ளத்துல கீழதான் உக்காரணுமா?

---

புனலூர்_பாசஞ்சர்:

சின்ன வள்ளத்துல பலகைலதான் உக்காரணும், ஆனா பெரிய வள்ளத்துல சேரு போடுவாங்க, முன்னாடியே சொல்லிரணும். படிகட்டுன கடவுலேர்ந்து ஏத்துங்க, சேத்துக் கரைல வேண்டாம், வழுக்குச்சுன்னா முட்டோட போகாது. ஏறும்போது வள்ளத்தோட ஓரத்துல காலு வைக்காம நேரா நடுவுல வைக்கச் சொல்லுங்க. பொண்ணுக்கு லைஃப் ஜாக்கெட் கேளுங்க, இல்லன்னு சொன்னா வேற வள்ளம். இதுல மட்டும் வெக்கப்படாதீங்க.

சுத்துப்பட்டுக்கு, ரெண்டாவது நாளு சாஸ்தாங்கோட்டை காயல் போகலாம், கேரளாவுலயே பெரிய நன்னீர் ஏரி அது, கோயில்ல கொரங்கு ஜாஸ்தி, பைய புடிச்சுக்குங்க. நேரம் இருந்தா தங்கசேரி லைட்ஹவுஸ், அம்மா கீழ உக்காந்திருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைக்காதீங்க.

---

நாரோயில்_மக்கா:

ஓணம் கழிஞ்சு 28ஆம் நாளு கல்லடாவுல வள்ளங்களி, அதான் படகுப் போட்டி, உண்டு, அதுக்குப் போனா நான் பேசுன கூட்டமெல்லாம் மன்னிச்சுரலாம். மத்தபடி மணக்குடி மணக்குடிதான்.

---

இலஞ்சிக்காரன்:

போயிட்டு வந்துட்டோம்! சொன்னபடி எழுதறேன், இல்லன்னா அடுத்து கேக்குறவனுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டீங்க.

குண்டரால எறங்கையில சாயங்காலம், ஆட்டோக்காரர் வழில இந்த ஊர்லதான் வேலுத்தம்பி தளவாய் 1809ல வெள்ளைக்காரனுக்கு எதிரா விளம்பரம், அதான் போர்ப் பிரகடனம், போட்டாருன்னு ஒரு பெரிய பாடமே எடுத்துட்டாரு, பொண்ணு தூங்கிட்டா. ராத்திரி ஒரு வீட்டுல தங்குனோம், ரெண்டு ரூம், கொசு உண்டு, சாப்பாடு அவங்களே. வள்ளக்காரரு வந்து வாசல்ல நின்னு தோட்டப் பாத்துட்டு, நாளைக்கு அஞ்சரைக்கே வாங்க, எட்டுக்கு மேல ஏறிரும்னாரு. மயிலை சொன்னது ஞாபகம் வந்து சரிங்கன்னுட்டேன்.

அம்மாவுக்கு அவரு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாரு பாருங்க. பிளாஸ்டிக் சேரு, நாலு காலையும் பாதிக்கு அறுத்துட்டு, அறுத்த எடத்துல பழைய ஹவாய் செருப்பத் துண்டு போட்டு ஆணி அடிச்சு வச்சிருக்காரு. ஒசரமும் கொறவு, ஆடவும் செய்யாது. அம்மா ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு வந்தாங்க. பாலம் வந்தப்ப நாங்க எல்லாரும் படுத்துக்கிட்டோம், அம்மா மட்டும் குனிஞ்சாப் போதும்னு சொல்லி குனிஞ்சாங்க, கொண்டைல இருந்த பூவு பாலத்துல ஒட்டிக்கிட்டு நின்னுருச்சு. பொண்ணு இன்னும் அதச் சொல்லித்தான் சிரிக்கா. மீன்கொத்தி பதினேழுன்னு எண்ணி வச்சிருக்கா, அதுல பாதி ஒரே குருவிதான்னு என் சந்தேகம்.

தோடு ரொம்ப குறுகலான ஒரு எடத்துல திடீர்னு ஒரு நாத்தம். அழுகுன முட்ட மாதிரி. வீட்டுக்காரி மூக்கப் பொத்திட்டா. அப்பா மட்டும் நல்லா இழுத்து மூச்சு விட்டுட்டு, "கதம்ப ஊறப் போட்டுருக்கான்"னாரு. அப்படியே இருந்துச்சு, கயிறு திரிக்கத் தேங்கா மட்டய கரையோரம் சேத்துக்குள்ள வலை போட்டு மூடி, மேல கல்லு வச்சு. எங்க கடைல கயிறுக் கட்டு இருந்த மூலைல இதே வாடைதான் லேசா அடிக்கும், நான் சின்னதுல அது எலி செத்த வாடைன்னு நெனச்சுருக்கேன். அப்புறம் அப்பாவும் வள்ளக்காரரும் மலையாளத்துல பேச ஆரம்பிச்சவங்கதான், மெஷின் நாரு வந்தது, கதம்ப வெல, முன்ன இந்தத் தோடு பூரா கெட்டுவள்ளம்ங்கற சரக்குப் படகு நின்ன கத, எங்களையெல்லாம் மறந்தே போயிட்டாங்க. நடுவுல அவரு அப்பாகிட்ட "உங்க பக்கம் மலைல மழை எப்படி"ன்னு கேட்டாரு. அப்பா ஏதோ பெரிய ஆபீசர் மாதிரி, போன வாரம் ரெண்டு நாள் நல்ல மழைன்னு ரிப்போர்ட் குடுத்தாரு.

கொல்லம்_தமிழ் சொன்ன படிக்கட்டும் பாத்தோம். ஒரு வீட்டுல ஆளில்ல, கதவுக்குக் குறுக்க பலக அடிச்சிருந்தாங்க, சன்னலுக்குப் பாதி வரைக்கும் பச்ச படிஞ்சு கெடந்துச்சு. போட்டோ எடுக்கல.

கக்கா சாப்டோம். மக்கா, அது மட்டும் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.

---

மாடிவீட்டு_மயிலை:

சூப்பர்ங்க. அந்த சேர் போட்ட வள்ளக்காரர் நம்பர் கெடைக்குமா? எங்க பாட்டியக் கூட்டிட்டுப் போகணும்.

---

இலஞ்சிக்காரன்:

நம்பர பொதுவுல போட வேண்டாம்னாரு, தனியா கேளுங்க அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்புறேன். இல்லன்னா கடவுல போயி கால் அறுத்த சேரு வச்சிருக்கவரு யாருன்னு கேளுங்க, சின்னப் புள்ளைகூட கையக் காட்டும்.